அந்தக் கறி ருசியில்லை என்று நாங்கள் சொல்லவில்லை

மூன்று நாட்களாக ஒரே வீடியோ எங்கள் போனுக்குத் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கிறது. பழைய மாணவர் குழுமம், பள்ளிவாசல் குழுமம், குடும்பக் குழுமம், எல்லாவற்றிலும் அதே வீடியோதான். மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் காலில் கட்டித் தொங்கவிடப்பட்ட சிறகிகள். பின்னால் ஒரு பாட்டு. அடுத்த காட்சியில் பெரிய தாச்சி, அரைத்த சரக்கு, புகை. கடைசிக் காட்சியில் நான்கு இளைஞர்கள் எலும்பைக் கடித்துக்கொண்டு கட்டைவிரலை உயர்த்துகிறார்கள்.

வீடியோவை நிறுத்தி நிறுத்தி எண்ணிப் பார்த்தோம். கண்ணுக்குத் தெரிந்தவை மட்டும் 43. சாப்பிட்டவர்கள் நான்கு பேர். மிச்சம் எங்கே போனது என்று கேட்ட ஒருவரைக் கூடக் கருத்துப் பகுதியில் காணவில்லை. "மாஷா அல்லாஹ்", "பார்சல் கிடைக்குமா மச்சான்?", "காட்டு ருசிக்கு ஈடு இல்ல", இவைதான் வரிசையாக இருந்தன. கருத்துப் போட்டவர்களில் எங்களிடம் படித்தவர்கள் பலர். ஆசிரியர்கள் இருவர். பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர் ஒருவர். ஆகவே இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் ஒரு ஒப்புதல். நாங்களும் சாப்பிட்டவர்கள்தான். கிழக்கில், வட்டையோடும் குளத்தோடும் வளர்ந்த, இன்று ஐம்பதைத் தொடும் எங்கள் வயதுக்காரரில் சிறகிக் கறி தின்னாதவர் குறைவு. சிறகி, உள்ளான், காடை, கௌதாரி, கானாங்கோழி, மணிப்புறா, எல்லாவற்றின் ருசியும் எங்கள் நாக்குக்குத் தெரியும். ஆகவே "வாத்தியாருக்கு ருசி தெரியாது, புத்தகத்தைப் பார்த்துப் பேசுகிறார்" என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.

அந்தச் சமையலும் எங்களுக்குத் தெரியும். மாரிப்போக வெட்டுக்காலம். சூட்டுக்களத்துக்குப் பக்கத்தில் வாடி. மஃரிபுக்குப் பிறகு மூத்தவாப்பாவின் கூட்டாளி ஒருவர் இரண்டு மூன்று சிறகிகளோடு வருவார். சுடுதண்ணீரில் முக்கி இறகு பிடுங்கினால் தோல் கிழியும் என்று காய்ந்த இறகாகவே பிடுங்குவார்கள். மிஞ்சும் பூஞ்சிறகை வைக்கோல் தீயில் வாட்டி எடுப்பார்கள். வாலின் மேட்டில் ஒரு எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. பறவை இறகுக்குத் தண்ணீர் ஒட்டாமல் பூசிக்கொள்வது அதிலிருந்துதான். அதை மறந்து விட்டுவிட்டால் முழுச் சட்டியும் நாறும். அதை வெட்டி எறிந்து, மஞ்சளும் உப்பும் தேசிக்காயும் போட்டுப் பிசைந்து கழுவி, கொறுக்காயோடு ஒரு கொதி கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரை வடித்து ஊற்றிவிடுவார்கள். பிறகுதான் சமையல். வறுத்து இடித்த சரக்கு, நிறைய மிளகு, ரம்பை, கறிவேப்பிலை, உள்ளி. இரண்டாம் பாலில் விறகடுப்பில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கிடக்கும். கடைசியில் கொஞ்சம் முதற்பால். கறுப்புக் கறி. புதுநெல் சோறு. அதை இன்று நினைத்தாலும் வாயில் தண்ணீர் வருகிறது என்று மறைக்காமல் சொல்கிறோம்.

ஆனால் வகுப்பில் பிள்ளைகளிடம் சொல்வதுபோல, ஒன்றைப் புகழுவதற்கு முன் அது எதனால் அப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

காட்டுவாத்தின் நெஞ்சிறைச்சி ஏன் ஈரல்போலக் கறுத்துச் சிவந்திருக்கிறது? அது பறக்கிற தசை. நீண்ட நேரம் ஓயாமல் சிறகடிப்பதற்கு ஒட்சிசனைப் பிடித்துவைக்கும் மயோகுளோபின் என்ற புரதம் அதில் நிறைந்திருக்கிறது. கோழி ஓடித் திரிகிற பறவை. நின்ற இடத்திலிருந்து ஒரு தத்துத் தத்தும், அவ்வளவுதான். அதனால் அதன் நெஞ்சு வெள்ளை, கால் கறுப்பு. நீங்கள் "காட்டு ருசி" என்று சொல்வதில் பாதி இந்தத் தசையின் ருசி. குளிர்கால வலசை வரும் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் சைபீரியா போன்ற வடதேசங்களிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த தசை அது.

மற்றப் பாதி அது தின்ற இரையின் ருசி. நீர்ப்பறவையின் கொழுப்பில் அதன் இரை அப்படியே பேசும். வெட்டிய வயலில் சிந்திய நெல்லைத் தின்ற வாத்து ஒரு ருசி. சேற்றில் நத்தையும் புழுவும் கிளறித் தின்ற வாத்து வேறு ருசி. அதனால்தான் வேட்டை பழகிய எந்த நாட்டிலும் வாத்துகளுக்குள்ளேயே தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். தானியம் தின்னும் ஊசிவால் வாத்துக்கு மதிப்பு, சேற்றை வடிகட்டித் தின்னும் தட்டைவாயனுக்கு முகச்சுளிப்பு. நீர்க்காகத்தைச் சமைத்தவருக்கு மீன் நாற்றம் என்றால் என்னவென்று சொல்லித் தரத் தேவையில்லை.

இப்போது யோசியுங்கள். கொறுக்காய் போட்டு அவித்து, முதல் தண்ணீரைக் கொட்டி, மிளகும் சரக்கும் அள்ளிப்போட்டு நாம் செய்த அவ்வளவு வேலையும் எதற்காக? அந்தக் "காட்டு ருசி"யை ஓட்டுவதற்குத்தானே! ருசியைக் கொல்லச் செலவழித்த மசாலாவைத் தின்றுவிட்டு, காட்டு ருசி என்று பெயர் சூட்டுகிறோம். வாடியில் அது அமிர்தமாக இருந்ததற்குப் பெரிய காரணம் விடியற்காலையிலிருந்து நெல் சுமந்த பசி. குளிரூட்டிய காரில் வந்து இறங்கி, பொலித்தீன் பையில் பறவை வாங்கிப் போகிறவருக்கு அந்த ருசி கிடைக்காது. கிடைத்ததாக அவர் சொல்வது வீடியோவுக்காக.

ஒரு நீலச்சிறகியின் எடை சுமார் 300 முதல் 400 கிராம். இறகு, குடல், தலை, கால், எலும்பு எல்லாம் கழித்தால் ஒரு பிடி இறைச்சி. இந்த ஒரு பிடிக்காகத்தான் இவ்வளவு பேச்சும்.

சரி, ருசி ஒவ்வொருவரின் நாக்கு. அதில் நாங்கள் சண்டை பிடிக்க வரவில்லை. எங்கள் சண்டை வேறு. அந்த 43 பறவையும் எப்படிச் செத்தது?

மூத்தவாப்பா காலத்தில் ஊருக்கு ஒன்றிரண்டு துவக்கு. தோட்டா விலை. இருட்டுவதற்குள் இரண்டு வெடி, அவ்வளவுதான். இன்று ஒரே இரவில் சாக்குச் சாக்காக வருகிறதென்றால் அது வெடியால் வந்ததல்ல. ஒன்று வலை. இல்லையென்றால் நஞ்சு. நெல்லில் பூச்சிநாசினிக் குருணையைப் பிசைந்து வயல் ஓரத்தில் தூவிவிடுகிறார்கள். பெயர் நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, வட்டைக்குள் எல்லோருக்கும் பழக்கமான பெயர்தான்: பியூரடான். அதற்குள் இருப்பது கார்போபியூரான். நரம்புக்கும் தசைக்கும் இடையில் வேலை செய்கிற நொதியை முடக்குகிற மருந்து. பறவை வாயைப் பிளந்து, கால் இழுத்து, சிறகு அடித்துச் சாகும். மனிதனுக்கும் அதே நரம்பு, அதே நொதி. குருணையின் ஒரேயொரு மணி ஒரு சின்னப் பறவையைக் கொல்லப் போதும். அமெரிக்காவில் அதன் குருணை வடிவத்தை 1990களில் கைவிடவைத்ததற்குக் காரணமே பறவைச் சாவுதான். இலங்கையிலும் அது தடை. தடைசெய்த பொருள் எப்படிக் கிடைக்கிறது என்று கேட்காதீர்கள், தடைசெய்த எத்தனையோ பொருள் எப்படிக் கிடைக்கிறதோ அப்படித்தான்.

இது எங்கள் ஊரில் மட்டும் நடக்கிற கூத்து அல்ல. கென்யாவின் மேற்கில் புன்யாலா என்றொரு நெல்வயல் பிரதேசம். அங்கும் இதே மருந்தை வைத்து நாரையும் வாத்தும் பிடித்து, இறைச்சியாகச் சந்தையில் விற்றார்கள். 2009இல் தயாரித்த நிறுவனமே அந்த மருந்தைக் கென்யாச் சந்தையிலிருந்து திரும்பப் பெறும்படி ஆனது. நெல்வயல், பறவை, குருணை, சந்தை. எவ்வளவு பரிச்சயமான கதை!

எங்கள் கதைக்கு வருவோம். ஒன்பதாம் ஆண்டில் ஒரு மாணவன். பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். மாரி தொடங்கினால் திங்கட்கிழமைகளில் வரமாட்டான். கேட்டால் காய்ச்சல் என்பான். ஒருநாள் தனியாகக் கூப்பிட்டு, ஏசாமல், தேத்தண்ணி வாங்கிக் கொடுத்துக் கேட்டோம். ஞாயிறு இரவு சிறகி பிடிக்கப் போவதாகச் சொன்னான். எப்படி என்று விளக்கினான். நெல் பிசைவது அவன் வேலை. கையுறை இல்லை. ஒரு சொப்பின் பையைக் கையில் கட்டிக்கொள்வானாம். ஒருமுறை வாந்தியும் தலைச்சுற்றும் வந்து வரம்பிலேயே படுத்துவிட்டானாம்.

"வீட்டுக்கும் கொண்டு போறயா மகன்?" என்று கேட்டோம்.

எங்களை ஒரு முட்டாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். "நாங்க இத தின்றல்ல சேர். விக்கிறதுக்குத்தான்."

இந்த ஒரு வசனத்தை "பார்சல் கிடைக்குமா மச்சான்" என்று கேட்டவர்கள் மூன்று தரம் வாசியுங்கள். பிடிக்கிறவன் தின்பதில்லை. பதினான்கு வயதுப் பையனுக்குத் தெரிந்த உண்மை, படித்த, உத்தியோகம் பார்க்கிற, ஹஜ் செய்து வந்த எங்களுக்குத் தெரியவில்லை.

நஞ்சு வைக்கவில்லை, ஏர்கன்னால் அடித்தது என்று சொல்வீர்கள். நல்லது. ஏர்கன் சன்னம் பெரும்பாலும் ஈயம். இறைச்சிக்குள் நசுங்கித் துணுக்காகும். பெரிய துண்டைப் பல்லில் கடித்துத் துப்பலாம், கண்ணுக்குத் தெரியாத தூளைத் துப்ப முடியாது. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. அதிலும் பிள்ளைகளின் மூளைக்கு அது எமன். நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயச் சன்னத்தை அமெரிக்கா 1991இல் நாடு முழுக்கத் தடைசெய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் ஈரநிலங்களில் தடைசெய்தது. இவர்கள் வேட்டையை எதிர்ப்பவர்கள் அல்ல. வேட்டையாடித் தின்கிற தேசங்கள். அவர்களே பயந்த பொருளை நாங்கள் பிள்ளைக்கு ஊட்டிவிட்டு, "சத்தான சாப்பாடு" என்று முதுகில் தட்டுகிறோம்.

இனி மார்க்கம். "ஹலாலான பறவைதானே சேர்?" என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில்: பறவை ஹலால். நீங்கள் தின்றது ஹலாலா?

நாங்கள் ஆலிம்கள் அல்ல. பத்வா கொடுக்கவும் வரவில்லை. ஆனால் ஐந்தாம் ஆண்டு இஸ்லாம் பாடப் பிள்ளைக்கும் தெரிந்ததைச் சொல்லலாம். தானாகச் செத்தது, கழுத்து நெரிபட்டது, அடிபட்டுச் செத்தது, விழுந்து செத்தது எல்லாம் விலக்கப்பட்டவை என்று சூரத்துல் மாஇதா வரிசைப்படுத்துகிறது. நஞ்சு தின்று செத்த பறவையின் கழுத்தில் பிறகு கத்தி வைத்தால் அது அறுப்பாகுமா? செத்த பிணத்துக்குப் பிஸ்மி சொல்வது யாரை ஏமாற்ற?

வேட்டை பற்றி அதீ பின் ஹாதிம் (ரழி) கேட்ட கேள்விகள் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கின்றன. கூர்முனை துளைத்துக் கொன்றதற்கும் தட்டையான பக்கம் மோதிக் கொன்றதற்கும் அங்கே தெளிவான வித்தியாசம் காட்டப்படுகிறது. அம்பு பட்ட வேட்டைப் பிராணி தண்ணீருக்குள் விழுந்து செத்துக் கிடந்தால், கொன்றது அம்பா தண்ணீரா என்று தெரியாததால் அதைத் தின்ன வேண்டாம் என்ற வழிகாட்டலும் அங்கேதான் இருக்கிறது. குளத்துக்கு மேல் பறந்த வாத்தை அடித்து, அது தண்ணீரில் விழுந்து, பத்து நிமிடம் கழித்து நீந்திப்போய் எடுத்து வருகிறீர்களே, இந்தக் கேள்வி ஒருநாளாவது உங்கள் மனதில் வந்ததா? துவக்குச் சன்னம் விஷயத்தில் அறிஞர்களுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை அவர்களிடமே விட்டுவிடுவோம். ஆனால் வேறுபாடு இருக்கிற இடத்தில் பேணுதலாக நடப்பதுதான் நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது. பிஸ்கட் பெட்டியைத் திருப்பித் திருப்பி ஜெலட்டின் இருக்கிறதா என்று பார்க்கிற கை, சாக்கிலிருந்து செத்த வாத்தை வாங்கும்போது மட்டும் ஏன் நடுங்கவில்லை?

உயிருள்ள பறவையைக் கட்டிவைத்து இலக்காக்கி விளையாடிய இளைஞர்களை இப்னு உமர் (ரழி) கண்டித்ததும் ஹதீஸில் உண்டு. வீடியோவின் நடுவில் சிறகு உடைந்த ஒரு பறவையை ஒருவர் தலைக்கு மேல் சுழற்றிச் சிரிக்கிறார். அதற்கும் கீழே "மாஷா அல்லாஹ்".

2013 உங்களுக்கு நினைவிருக்கிறதா? ஹலால் சான்றிதழுக்கு எதிராக நாட்டில் கூச்சல் கிளம்பிய வருடம். அப்போது நாங்கள் சிங்கள நண்பர்களுக்கும் தமிழ் நண்பர்களுக்கும் என்ன விளக்கம் சொன்னோம்? ஹலால் என்பது வெறும் சடங்கு அல்ல, சுத்தம், கருணை, கூரான கத்தி, பிராணிக்கு நோகாமல் அறுப்பது, தய்யிப் என்றால் நல்லது, தூயது என்றெல்லாம் தொண்டை வற்றச் சொன்னோம். ஆசிரியர் அறைகளில், பஸ்ஸில், அலுவலகங்களில் சொன்னோம். அது உண்மை என்று நம்பித்தான் சொன்னோம். இன்று அதே மக்கள் இந்த வீடியோவையும் பார்க்கிறார்கள். நாங்கள் அன்று சொன்னது பொய் என்று இன்று நாமே ஒளிப்பதிவு செய்து அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

இனி வழக்கமான பதில்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"மூத்தவர்களும் செய்தார்கள்தானே?" செய்தார்கள். அவர்களை நாங்கள் வலிமாராக்கவில்லை. அவர்களிலும் கைமீறியவர்கள் இருந்தார்கள். ஆனால் எங்கள் மூத்தவாப்பா சிறகியை ஒருநாளும் விற்றதில்லை. வீட்டுச் சட்டிக்கு எவ்வளவோ அவ்வளவு. அவர் காலத்தில் குளத்துக்குக் கரை இருந்தது, கரைக்கு மரம் இருந்தது, வில்லுக்குள் நாணல் இருந்தது. மரப்பொந்திலும் நாணலிலும் சீழ்க்கைச் சிறகி குஞ்சு பொரித்தது. இன்று கரை முழுக்கக் காணி, நாணல் முழுக்கக் குப்பை. அவர் கையில் துவக்கு, உங்கள் கையில் நஞ்சு. யுத்த காலத்தில் பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு வட்டைப் பக்கம் தலைகாட்ட முடியாமல் நாங்கள் வீட்டுக்குள் கிடந்தோமே, அந்த வருடங்களில் எங்களில் யாராவது சிறகிக் கறி இல்லாமல் செத்தோமா? மூத்தவர்களிடமிருந்து எடுப்பதென்றால் அவர்களின் அளவையும் சேர்த்து எடுங்கள்.

"அது மருந்து சேர். முட்டுக்கு நல்லது, இளைப்புக்கு நல்லது, நரம்புக்குப் பலம்." இந்தப் பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குச் சீனாவைப் பாருங்கள். மஞ்சள் நெஞ்சுள்ள ஒரு சின்னக் குருவி, வலசைக் காலத்தில் நெல்வயல்களில் இறங்குவதால் அங்கே "நெற்பூக் குருவி" என்றே பெயர். ஒருகாலம் ஐரோப்பாவின் கிழக்கிலிருந்து ஜப்பான் வரை கோடிக்கணக்கில் இருந்த குருவி. உடம்புக்குப் பலம், ஆண்மைக்கு நல்லது என்று சொல்லிச் சொல்லித் தின்றார்கள். 1997இல் சீனா தடை போட்டது. தடைக்குப் பிறகும் கள்ளமாகத் தின்றார்கள். 1980க்கும் 2013க்கும் இடையில் அதன் தொகையில் ஏறத்தாழ 90 சதவீதம் அழிந்துபோனது. 2017இல் அது அழிவின் விளிம்பிலுள்ள இனம் என்று அறிவிக்கப்பட்டது. கோடிக்கணக்கில் இருப்பது குறையாது என்ற நினைப்புக்கு அந்தக் குருவி ஒரு பாடம். முட்டுக்கு மருந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறது, இலவசமாக.

"ஏழைகள் வயிற்றில் அடிக்கிறீர்கள். கோழி விலை தெரியுமா?" தெரியும். நாங்களும் ஆசிரியச் சம்பளத்தில்தான் கோழி வாங்குகிறோம். 2022இல் அரைக் கிலோ வாங்கி எட்டுப் பேர் தின்ற வீடு எங்களுடையதும்தான். பசியில் ஒருவர் ஒரு பறவை பிடித்தார் என்றால் அவரைப் பற்றி இந்தப் பதிவு பேசவில்லை. ஆனால் ஒரு சோடிச் சிறகியை என்ன விலைக்கு விற்கிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். அதே காசுக்குக் கடையில் அதைவிடக் கூடுதலாகக் கோழி இறைச்சி கிடைக்கும். அதை வாங்குகிறவர் ஏழை அல்ல. வெளிநாட்டிலிருந்து லீவில் வந்தவர், கொழும்பிலிருந்து வரும் விருந்தாளிக்கு "ஊர்ச் சாமான்" கொடுக்க நினைப்பவர், கொந்தராத்துக்காரர், அதிகாரி. ஏழை நஞ்சைப் பிசைகிறான், பணக்காரன் ருசி பார்க்கிறான். பொலிஸ் பிடித்தால் கோட்டுக்குப் போகிறவன் யார்? எங்கள் ஒன்பதாம் ஆண்டுப் பையன். 1937ஆம் ஆண்டிலிருந்து இருக்கிற தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காகம் போன்ற மிகச் சில பறவைகளைத் தவிர இந்த நாட்டுப் பறவைகள் எல்லாம் பாதுகாக்கப்பட்டவை. பிடித்தவனுக்குத் தண்டப்பணம், தின்றவருக்கு வீடியோ. ஏழைக்காகப் பேசுவதென்றால் அந்தப் பையனுக்காகப் பேசுங்கள்.

"எல்லாச் சமூகமும்தான் தின்கிறது, எங்களை மட்டும் ஏன்?" உண்மை. எல்லாச் சமூகத்திலும் தின்கிறார்கள். மன்னார்ப் பக்கமும் தின்கிறார்கள், புத்தளப் பக்கமும் தின்கிறார்கள், எங்கள் எல்லைக் கிராமங்களிலும் தின்கிறார்கள். அவர்களுக்கு அவர்களில் ஒரு வாத்தியார் எழுதட்டும். அடுத்தவன் பிள்ளை பரீட்சையில் பார்த்து எழுதியதால் என் பிள்ளையும் எழுதலாம் என்று வருகிற பெற்றோரை நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம். பாகிஸ்தானில் ஹுபாரா என்ற பறவையை வேட்டையாட அரபுநாட்டுச் செல்வந்தர்கள் வந்து போவதும், 2015இல் அந்த நாட்டு உயர் நீதிமன்றம் தடுத்து, அடுத்த வருடமே தடை நீங்கியதும் எங்களுக்குத் தெரியும். செல்வந்தன் செய்வதால் தவறு சரியாகிவிடாது, அவன் அரபு பேசினாலும்.

திட்டிவிட்டுப் போவது எங்கள் நோக்கமில்லை. நாக்கு கேட்கிறது என்றால் வழி இருக்கிறது.

தாரா வளருங்கள். நான்கு தாரா வளர்க்க ஒரு தொட்டித் தண்ணீரும் கொஞ்சம் உமியும் சமையல் கழிவும் போதும். காடை வளர்ப்பவர்கள் இப்போது ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களிடம் வாங்குங்கள். தாராவைப் பிஸ்மி சொல்லி, கூரான கத்தியால் அறுத்து, மேலே சொன்ன அதே முறையில் சமையுங்கள். வால்மேட்டுச் சுரப்பியை வெட்டி எறியுங்கள். தோலுக்கடியில் கொழுப்பு அதிகம் இருக்கும், அதில் பாதியைச் சீவி எடுங்கள். கொறுக்காய் இரண்டு சுளை, மிளகு தாராளம், சரக்கைக் கறுக்க வறுத்து இடியுங்கள், ஒன்றரை மணித்தியாலம் மெல்லிய நெருப்பில் விடுங்கள். புதுநெல் அரிசிச் சோறு வையுங்கள். முடிந்தால் அன்று பகல் முழுக்க வட்டையில் வேலை செய்துவிட்டு வந்து தின்னுங்கள். மூத்தவாப்பாவின் ருசி அதில் முக்கால்வாசி இருக்கும். இது எங்கள் உத்தரவாதம்.

மிச்சக் கால்வாசி எங்கே என்று கேட்டால், கார்த்திகையிலிருந்து பங்குனி வரை ஒருநாள் சுபஹுத் தொழுதுவிட்டுக் குளக்கட்டுக்கு வாருங்கள். எங்கள் பத்தாம் ஆண்டு விஞ்ஞான வகுப்பை வருடா வருடம் அங்கே கூட்டிப்போகிறோம். சீழ்க்கைச் சிறகிகள் இரவு மேய்ச்சல் முடித்து விசிலடித்துக்கொண்டு திரும்பி வரும் நேரம். போனமுறை அந்தப் பையனும் வந்தான். எந்தக் கூட்டம் எந்தப் பக்கம் இறங்கும் என்று மற்றப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தான். ஒன்றும் பிழைக்கவில்லை. புத்தகம் படித்த எங்களைவிட அவனுக்குப் பறவை தெரியும். அவனுக்கு இன்னொரு வருமானம் தேடிக் கொடுக்க நாங்கள் சிலர் முயன்றுகொண்டிருக்கிறோம். அவன் வாப்பாவின் கடன் பெரியது. ஆகவே நல்ல முடிவு கிடைத்துவிட்டது என்று இங்கே பொய் எழுத முடியாது. வாங்குகிறவர் நிறுத்தினால் எங்கள் வேலை பாதி குறையும், அவ்வளவுதான்.

கருத்துப் பகுதியில் ஏசப் போகிறவர்கள் தாராளமாக ஏசலாம். எங்களுக்குப் பழக்கம். ஆனால் அதற்கு முன் மூன்று கேள்விக்குப் பதில் எழுதிவிட்டு ஏசுங்கள். நீங்கள் கடைசியாக வாங்கிய சிறகி கத்தி பட்டபோது உயிரோடு இருந்ததா? அதைப் பிடித்தவர் அதைத் தன் பிள்ளைக்குக் கொடுப்பாரா? பிடித்தவரின் வயது என்ன?

மூன்றுக்கும் பதில் தெரியாதவர்கள் அந்த வீடியோவை அடுத்தவருக்கு அனுப்பாமலாவது இருங்கள்.